தொண்ணூற்றேழு சதவீதம்

நான் பல் செய்கிறவள்.
வேல்ஸ் மலைச்சரிவில்
மாட்டுக்கொட்டிலாக இருந்த கல்கட்டடத்தில்
ஆறு வருடமாகப் பல் செய்கிறேன்.
மாடுகள் நின்ற இடத்தில்
அரைக்கும் எந்திரம் ஒன்று, சூளை ஒன்று,
வங்கிக் கடன் ஒன்று.

பிரிஸ்டலில் யாரோ வாயைத் திறக்கிறார்.
கருவி உள்ளே போய்
ஈறையும் பல்லையும் இல்லாத பல்லையும்
எண்களாக அள்ளிக்கொள்கிறது.
மழை பெய்தால் இருமுகிற செம்புக் கம்பி வழியே
எப்படியோ என்னிடம் வந்துவிடும்.

வருவது பெரிதில்லை. போவதுதான்.

நான் வரைந்த பல்லை மருத்துவர் பார்த்து
சரி என்று சொல்ல வேண்டும்.
இரவு ஒன்பதுக்கு ஏற்றத் தொடங்கினால்
விடிகாலையில் நீலக்கோடு
தொண்ணூற்றேழில் நிற்கும்.
நின்றால் நின்றதுதான்.
மிச்சமிருக்கும் அந்த மூன்று சதவீதத்தில்
ஒருவர் இன்னும்
இடது பக்கமாகவே மென்றுகொண்டிருப்பார்.

அதனால் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பன்னிரண்டு மைல் ஓட்டிப் போவேன்.
நூலகம் மூடினாலும் அதன் வைஃபை மூடுவதில்லை.
ஒரு நாள் போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார்.
இந்நேரத்தில் என்ன செய்கிறீர்கள், அம்மா?
கடைவாய்ப்பல் அனுப்புகிறேன் என்றேன்.
வண்டியைச் சோதித்துவிட்டுத்தான் விட்டார்.

கம்பெனியின் வரைபடத்தில் நாங்கள் பச்சை.
அடிவாரத்து மதுக்கடைக்கும் எங்களுக்கும் ஒரே அஞ்சல் எண்;
அங்கே ஃபைபர் வந்துவிட்டதால்
இங்கேயும் வந்துவிட்டதாம்.
ஏட்டில் காய்த்த சுரைக்காய்க்கு
மாதாமாதம் கட்டணமும் கட்டினேன்.
தனியாக இழுக்க என்ன ஆகும் என்று கேட்டதற்கு
நாற்பத்தோராயிரம் பவுண்டு என்று
ஒரு வரியில் பதில்.
அந்த வரி மட்டும் வேகமாக வந்தது.

ஏழு வீடு. இத்வாலிடம் மண் தோண்டும் வண்டி இருந்தது.
கேரவன்களை வாடகைக்கு விடும் மெரெரிடிடம்
கோபம் இருந்தது:
கோடைகாலப் பதிவுகள் பாதி
பக்கம் திறப்பதற்குள் வேறிடம் போயிருந்தன.
என்னிடம் ஒரு சுத்தியல்.
தேர் இழுக்கிற கூட்டமில்லை நாங்கள்,
ஒருவருக்கொருவர் வேலி வழக்கு நடத்தியவர்கள்.

டெக்வின் தன் வயல் வழியாகப் போகக் கூடாது என்றார்.
ஏன் என்று சொல்லவில்லை.
சுற்றிப் போனோம்,
முந்நூற்று நாற்பது மீட்டர் கூடுதல்,
அத்தனையும் பாறை.
நான்காம் நாள் அவரே இறங்கி வந்து
அங்கே தோண்டாதீர்கள்,
என் தண்ணீர்க் குழாய் போகிறது என்றார்.
அப்போது நாங்கள்
கணுக்கால் வரை அவர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம்.

இரண்டு நாள் அவருக்கு வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கதவைத் திறந்தார், வாங்கினார், மூடினார்.
அவர் வாசலிலும் ஒரு சுருள் விட்டுவைத்திருக்கிறோம்.
இன்னும் கேட்கவில்லை.

நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை,
முடியை விட மெல்லிய கண்ணாடிக்குள்
வெளிச்சம் வந்தது.
பார்க்க ஒன்றுமில்லை.
பெட்டியில் பச்சைப் புள்ளி, அவ்வளவுதான்.
எல்லோரும் அதைச் சுற்றிச் சேற்றுக் காலோடு நின்றோம்.

கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு
ஒரு மேல்தாடைப் பல்லை அனுப்பினேன்.
பழக்கதோஷம், கை கார்ச்சாவியைத் தேடியது.
நீலக்கோட்டைப் பார்க்கத் திரும்பினால்
கோடே இல்லை.
போய்விட்டதா, தொலைந்துவிட்டதா
என்று இத்வால் கேட்டான்.
எனக்கும் தெரியவில்லை.

தண்ணீர் கொதிப்பதற்கு முன்
பிரிஸ்டலிலிருந்து பதில்:
உள்முகடு உயரம். கடிக்கும்போது தட்டும்.
திருத்தி அனுப்பவும்.

மூன்று நாள் கழித்து வந்து சேர்கிற குறை
மூன்று நிமிடத்தில் வந்திருக்கிறது.
அவர்கள் கைதட்டுகிறார்கள்.
நான் நாற்காலியை இழுத்துப் போட்டு
முகட்டைத் தேய்க்க உட்காருகிறேன்,
கால் மில்லிமீட்டர்,
வலது பக்கம்.